பழைய ஸ்பீக்கரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் முதல் வாரம் அதில் படம் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் பத்தவில்லை" என்பார்கள். மூன்றாவது வாரம் கடைக்குப் போய் இரண்டு சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களுடன் திரும்பி வருவார்கள். அதே வீட்டில், பரணிலோ பீரோவுக்கு மேலேயோ, பழைய துண்டு போட்டு மூடிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தூசி படிந்து கிடக்கும். கேசட் பகுதி கெட்டுப் போன ஏதோ ஒரு மியூசிக் சிஸ்டத்தின் மிச்சம் அது. அடுத்த ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போய்விடும்.

இந்தக் காட்சியை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. காசு கொடுத்து வாங்கி வந்த பொருளைவிட எடைக்குப் போட்ட பொருள் பல மடங்கு உசத்தி என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

"சார், நாங்கள் மாட்டிப் பார்த்தோம். சரியாகக் கேட்கவில்லை" என்று சிலர் சொல்வார்கள். எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். பழைய இயர்போன் வயரை வெட்டி, அதன் நுனியை ஸ்பீக்கர் வயரோடு முறுக்கி, பின்னை லேப்டாப்பில் சொருகியிருப்பார்கள். கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்டிருக்கும். உடனே "பழைய ஸ்பீக்கர் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது" என்று தீர்ப்பு. குற்றம் இணைப்பில் இருக்க, தண்டனை ஸ்பீக்கருக்கு! இந்தத் தீர்ப்பைத்தான் இங்கே அப்பீல் செய்கிறேன்.

லேப்டாப்பில் ஏன் சத்தம் மெலிந்து வருகிறது?

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் கருவி. தாழ்ந்த ஒலிகளை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்பீக்கர் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. உங்கள் பரணில் கிடக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரின் பரப்பு அதைப் போல இருபது மடங்குக்கும் மேல். லேப்டாப் தயாரிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அரை அங்குல தடிமனுக்குள் அந்தக் காற்றைக் கொண்டு வர முடியாது.

இதைச் சோதிக்க ஒரு கச்சேரிப் பதிவு போதும். லேப்டாப்பில் மிருதங்கத்தைக் கேளுங்கள். வலந்தலையின் சொற்கள் தெளிவாக விழும். இடது பக்கத்துத் தொப்பியின் கும்காரம் எங்கேயோ போயிருக்கும். இளையராஜா பாடல்களில் அடியில் ஓடும் பேஸ் கிடாரும் அப்படியே. பாட்டு கேட்கிறது, பாதி வாத்தியம் கேட்கவில்லை. சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர் வாங்கினால் சத்தம் கூடும். தொப்பி திரும்பி வருவது சந்தேகம்தான்.

ஸ்பீக்கருக்கு வயசாவதில்லையா என்று கேட்கலாம். ஆகும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அது 'அவுட் டேட்' ஆவதில்லை. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு என்ற அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்று கடையில் விற்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதே அமைப்புதான். கம்ப்யூட்டரில் அப்படியா? பிளாப்பி போயிற்று, பிரிண்டருக்கான அகலமான போர்ட் போயிற்று, சிடி டிரைவும் போயே போய்விட்டது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் தன் வாய்களை மாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கருக்குப் பின்னால் மட்டும் அன்றும் இரண்டு வயர், இன்றும் இரண்டு வயர். ஆகவே 1990ல் செய்த நல்ல பெட்டி இந்த வருடத்து லேப்டாப்புக்குத் தாராளமாகப் பாடும்.

உங்களிடம் இருப்பது எந்த ஜாதி?

ஸ்பீக்கர்கள் இரண்டு வகை. கரண்ட் வயரும் வால்யூம் திருகியும் உள்ளவை ஒரு வகை. அவற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிபயர் இருக்கும். கம்ப்யூட்டருக்கு என்று விற்கப்படுபவை எல்லாம் பெரும்பாலும் இவைதான். லேப்டாப்பில் நேரே சொருகலாம், எந்தக் கவலையும் இல்லை. கரண்ட் வயரே இல்லாமல், பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள் மட்டும் இருந்தால் அது பாசிவ் ஸ்பீக்கர். அதற்குச் சொந்த பலம் கிடையாது. வெளியிலிருந்து ஒரு ஆம்ப்ளிபயர் தள்ளினால்தான் கூம்பு அசையும். பரணில் இருப்பது அனேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும்.

இப்போது வயர் முறுக்கும் கதைக்கு வருவோம். லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஹெட்போன் சாக்கெட், காதுக்குள் வைக்கும் கருவிக்காகச் செய்யப்பட்டது. ஹெட்போன்கள் 16 அல்லது 32 ஓம், அதற்கு மேலும் இருக்கும். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் போகும். காதுக்கு அதுவே அதிகம். வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம் அல்லது 4 ஓம். அதே ஒரு வோல்ட்டை 8 ஓமில் தர வேண்டுமானால் நான்கு மடங்கு மின்னோட்டம், அதாவது 125 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒலிக்கான அந்தச் சின்ன சிப்பால் இது முடியாது. சைக்கிளில் மாட்டு வண்டியைக் கட்டி இழுக்கச் சொல்வது போல! திணறும், ஒலி நசுங்கும், கரகரக்கும்.

சரி, 10 மில்லிவாட்தான் போகிறது என்று வையுங்கள். ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. சத்தம் 20 டெசிபல் குறையும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் பெட்டி, இதில் 68 டெசிபல்தான் தரும். அருகில் ஒருவர் பேசும் அளவு. மின்விசிறி ஓடினால் அதிலும் பாதி போய்விடும். 'கேட்கிறது, ஆனால் கேட்கவில்லை' என்று எல்லோரும் சொல்வதன் கணக்கு இதுதான்.

இப்படி மாட்டினால் லேப்டாப் எரிந்து போகுமா? உடனே புகை எல்லாம் வராது. இன்றைய சிப்களில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. முறுக்கிய வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். இழுபட்டால் சாக்கெட் ஆடும். அந்தச் சாக்கெட்டும் சிப்பும் பல லேப்டாப்களில் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டவை. டெஸ்க்டாப்பாக இருந்தால் ஒரு சவுண்ட் கார்டு வாங்கி மாட்டிவிடலாம். லேப்டாப்பில் அது நடக்காது. ஐந்து ரூபாய் வயரை நம்பி மதர்போர்டைப் பணயம் வைப்பானேன்?

வீட்டில் கிடைப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவதற்கு நான் எதிரி இல்லை. நம் ஊரில் அது ஒரு கலை. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து, தெருவே அதிரப் பாட்டுப் போட்ட டீக்கடைகள் எத்தனை! அதில் பேஸ் வந்தது, பானைக்குள் அடைபட்ட காற்று அதைச் செய்தது. ஆனால் பானை வைத்தவரும் ஆம்ப்ளிபயரை விட்டுவிடவில்லை. எதை ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டியை ஒப்பேற்றலாம், வயரை ஒப்பேற்றலாம், பலத்தை ஒப்பேற்ற முடியாது.

முதலில் வீட்டிலேயே தேடுங்கள்

ஆம்ப்ளிபயர் என்றதும் பர்ஸைத் தொட வேண்டாம். அந்த ஸ்பீக்கர்களுடன் வந்த பழைய செட் இன்னும் வீட்டில் இருக்கிறதா? சிடி படிக்கவில்லை, கேசட் ஓடவில்லை என்று ஒதுக்கிய செட்டில், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போவது மோட்டார், பெல்ட், லென்ஸ் போன்ற அசையும் பாகங்கள்தான். எஃப்.எம். ரேடியோ கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ஆம்ப்ளிபயருக்கு உயிர் இருக்கிறது.

செட்டின் பின்புறம் 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறு முனையில் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. பின்கள் உள்ள வயர் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். லேப்டாப்பில் இந்தப் பக்கம், செட்டில் அந்தப் பக்கம். செட்டின் திருகியை 'ஆக்ஸ்' என்பதில் வையுங்கள். அவ்வளவுதான்! 'போனோ' என்று எழுதிய சாக்கெட் இருந்தால் அதில் மட்டும் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு பிளேயரின் மிக மெல்லிய சிக்னலுக்கானது. லேப்டாப்பின் சிக்னல் அங்கே போனால் ஒலி உடைந்து, பேஸ் மட்டும் வீங்கி வரும்.

சாக்கெட்டே இல்லாத டூ-இன்-ஒன் என்றால்? கேசட் வடிவத்தில் ஒரு அடாப்டர் உண்டு. வயிற்றில் டேப்புக்குப் பதிலாகச் சின்ன காந்தத் தலையும், வெளியே ஒரு நீண்ட வயரும் இருக்கும். காரில் சிடி பிளேயரின் பாட்டைக் கேட்பதற்காக வந்தது. இதைக் கேசட் போலவே உள்ளே வைத்து பிளே பட்டனை அழுத்தி, வயரை லேப்டாப்பில் சொருகினால் பாட்டு வரும். பெல்ட் அறுந்திருந்தாலும், பிளே பட்டன் அழுந்தி நின்று செட்டின் ஹெட் அடாப்டரைத் தொட்டால் போதும். ஒலித்தரம் சுமார்தான். ஆனாலும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். இல்லாத டேப்பை இருப்பதாக நம்ப வைப்பது!

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆக்ஸ் இல்லையே என்று செட்டைத் திறந்து உள்ளே வயர் ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது ரிப்பேர்காரர் வேலை.

செட்டே இல்லை, ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால்

அப்போதுதான் ஒரு ஆம்ப்ளிபயர் போர்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும், ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகம் விற்கும் கடைகளிலும், இணையத்திலும் கிடைக்கும். இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை வாட் வாங்க வேண்டும்?" என்பது. இந்தக் கேள்வியால் வீணான பணம் கொஞ்சமல்ல. 1990களிலும் 2000களிலும் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் பெட்டியின் மேல் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாக அச்சடித்து விற்றார்கள். அந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் என்று ஒன்று இருந்ததே இல்லை. விற்பவர் மனசு எவ்வளவு பெரியதோ அவ்வளவு வாட்! உண்மையான அளவு ஆர்.எம்.எஸ். என்பது. அதைப் பார்த்தால் சில வாட்தான் இருக்கும்.

முன்னே சொன்ன கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாட்டுக்கு 88 டெசிபல். ஒரு சாதாரண அறையில் அது நல்ல சத்தம். பக்கத்து அறையில் இருப்பவர் "கொஞ்சம் குறைங்களேன்" என்று சொல்லும் சத்தம். பத்து வாட் கொடுத்தால் இன்னும் 10 டெசிபல் கூடும், காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். நூறு வாட் வீட்டுக்குத் தேவையில்லை, கல்யாண மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே இரண்டே தேர்வுகள் போதும். பி.ஏ.எம். 8403 என்ற சிப் உள்ள சின்ன போர்டு 5 வோல்ட்டில் ஓடும். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரியது. விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கும். அதில் '3 வாட் + 3 வாட்' என்று எழுதியிருப்பது 4 ஓம் ஸ்பீக்கருக்கு, அதுவும் ஒலி சிதையத் தொடங்கும் எல்லையில். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் மேசைக்கு அது போதும். ஹாலில் உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் டி.பி.ஏ. 3110 சிப் உள்ள போர்டு நல்லது. 8 முதல் 26 வோல்ட் வரை தாங்கும். பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 ஆம்பியர் தருவதாக இருந்தால் நல்லது. 8 ஓமுக்குப் பக்கத்துக்கு 8 வாட் வரை கிடைக்கும்.

அடாப்டரை மாட்டும் முன் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் போர்டில் மாட்டினால் அந்தப் போர்டு ஒரு நொடியில் பரலோகம் போகும். பிளஸ், மைனஸ் மாறினாலும் அதே கதி. இவற்றில் பெரும்பாலும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. விலை அப்படி!

போர்டில் மூன்று இடங்கள் இருக்கும்: கரண்ட் உள்ளே, சிக்னல் உள்ளே, ஸ்பீக்கர் வெளியே. லேப்டாப் வயர் சிக்னல் இடத்துக்குப் போக வேண்டும். 3.5 மி.மீ. சாக்கெட் ஏற்கனவே ஒட்டியிருக்கும் போர்டாகக் கேட்டு வாங்கினால் சால்டரிங் அயர்ன் தேவைப்படாது. இரண்டு பக்கமும் பின் உள்ள ஒரு வயர் போதும். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனையை மறந்தும் லேப்டாப்போடு சேர்க்காதீர்கள். பலம் உள்ள பக்கத்தைப் பலம் இல்லாத பக்கத்தில் பாய்ச்சினால், லேப்டாப்பின் ஒலி சிப் உண்மையிலேயே எரியும்.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது. இந்தச் சின்ன போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை என்பது எர்த் அல்ல. அதிலும் சிக்னல் வருகிறது. ஆகவே வயரை மிச்சப்படுத்துகிறேன் என்று இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ்களை ஒன்றாகக் கட்டாதீர்கள். பழைய ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் அப்படிச் செய்திருப்பார்கள், அங்கே அது சரி. இங்கே செய்தால் சிப் போய்விடும். ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வயர், மொத்தம் நான்கு. இதில் சிக்கனம் வேண்டாம்.

பெட்டிக்கு உயிர் இருக்கிறதா?

போர்டு வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு 1.5 வோல்ட் செல்லைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு வயர்களை அதன் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்டால் சுருள் நன்றாக இருக்கிறது. பிளஸ்ஸோடு பிளஸ் தொட்டிருந்தால் கூம்பு வெளிப்பக்கம் நகரும். சிவப்பு, கறுப்பு அடையாளம் அழிந்து போன பெட்டியில் எது பிளஸ் என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி. மல்ட்டி மீட்டர் இருந்தால் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் காட்டும்.

இரண்டு பெட்டிகளிலும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி மாட்டியிருக்க வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் காணாமல் போகும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கேட்கும். பழைய ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்று என்னிடம் சொன்னவர்கள் வீட்டில் ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றி மாட்டிக் காட்டியிருக்கிறேன். முகத்தில் வரும் வியப்பைப் பார்க்க வேண்டுமே!

வயசு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கூம்பின் ஓரத்தில் உள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பரோ துணியோ காகிதமோ என்றால் பல ஆண்டுகள் நிற்கும். ஸ்பாஞ்ச் மாதிரியான நுரை வளையம் என்றால், பதினைந்து இருபது வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்திருந்தால் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்கள் வளையத்தை மட்டும் மாற்றித் தருவார்கள். கூம்பே கிழிந்து, சுருள் உள்ளே உரசிக் கரகரத்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதை விட்டுவிடலாம். அதையும் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், இத்தகைய பொருட்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்கின்றன.

இரண்டில் ஒரு பெட்டி மட்டும் பிழைத்திருந்தால் கவலை இல்லை. ஆனால் லேப்டாப் வயரில் இடது, வலது இரண்டையும் முறுக்கி ஒன்றாக்காதீர்கள். இரண்டு வெளியீடுகளும் ஒன்றோடொன்று சண்டையிடும். விண்டோஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, ஆக்சசிபிலிட்டி, பின் ஆடியோ எனச் செல்லுங்கள். அங்கே 'மோனோ ஆடியோ' என்பதை ஆன் செய்திடுங்கள். இரண்டு பக்க ஒலியும் கலந்து ஒரே பெட்டியில் வரும்.

"மாட்டிவிட்டேன், ஆனால் 'உம்ம்' என்று இரைச்சல் வருகிறது" என்பது அடுத்த புகார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிபயரின் எர்த்தும் இரண்டு வழியாகச் சேர்ந்து வட்டம் போடுகின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று ஒரு சின்ன உருளை விற்கிறது. சிக்னல் வயருக்கு நடுவில் மாட்டினால் போதும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தப் பின் உங்கள் உயிருக்கு.

5 வோல்ட் போர்டுக்கு லேப்டாப்பின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுப்பவர்களுக்கு வேறொரு தொந்தரவு உண்டு. மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'கீச் கீச்' என்று கேட்கும். லேப்டாப்புக்குள் நடக்கும் வேலையெல்லாம் கரண்ட் வழியாக ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். பேஸ் அடிக்கும்போது அதுவும் தள்ளாடும். பழைய செல்போன் சார்ஜர் ஒன்றைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

எல்லோரையும் பரணில் ஏறச் சொல்லவில்லை. ஆன்லைன் வகுப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் மட்டும் லேப்டாப் வைத்திருப்பவருக்கு ஒரு ஹெட்செட்தான் சரி. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் எதிரில் பேசுபவரின் குரல் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும். மேசையில் இடமே இல்லாதவருக்கு மரப்பெட்டி பாரம். லேப்டாப்பை அறைக்கு அறை தூக்கிச் செல்பவர், வயருக்குப் பதில் ப்ளூடூத் ரிசீவர் உள்ள போர்டை வாங்கலாம். பாட்டுக்கு நன்றாக இருக்கும். படம் பார்க்கும்போது சிலவற்றில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். வயரில் அந்த வம்பு இல்லை.

நகரத்தில் பெரிய கடை ஒன்றில், ஒரு பெரியவர் தன் பழைய ஸ்பீக்கரை லேப்டாப்பில் மாட்ட வயர் கேட்டு நின்றார். "அதெல்லாம் இப்போ வராது சார், கம்ப்யூட்டருக்குத் தனி ஸ்பீக்கர்தான்" என்று சொல்லி ஒரு புதுப் பெட்டியை அவர் கையில் திணித்தார் விற்பனையாளர். அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம், கமிஷனும் இருக்கலாம். நான் குறுக்கிட்டு, "ஐயா, உங்கள் பெட்டிக்குப் பின்னால் ஓம் என்று போட்டு ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன். "எட்டு என்று இருக்கும் தம்பி" என்றார். வாசலுக்கு அழைத்துப் போய் எதிர்க் கடையைக் காட்டினேன். போர்டும் அடாப்டரும் வயரும் சேர்த்து, அந்தப் புதுப் பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆயிற்று.

மாட்டிய பிறகு ஒலி அளவை எங்கே வைப்பது என்று அவர் கேட்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஆன் செய்யும்போது ஆம்ப்ளிபயரின் திருகி பூஜ்யத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் வால்யூமை 80க்குக் கொண்டு வாருங்கள். பிறகு திருகியை மெல்ல ஏற்றுங்கள். அதன்பின் கூட்டுவதும் குறைப்பதும் திருகியில் மட்டும். வி.எல்.சி. பிளேயரில் வால்யூம் 125 வரை போகும். அதை 100க்கு மேல் ஏற்றாதீர்கள், அங்கே கூடுவது சத்தம் மட்டுமல்ல, சிதைவும்தான். திருகியைப் பாதி திருப்புவதற்குள் அறை நிறைந்துவிட்டால் மீதியைத் தொட வேண்டாம்.